காய்ந்த தரை

மரத்துக்கு இத்தனை பெயர் உண்டு என்று பரிமளாவுக்கு நாற்பத்தைந்து வயதுவரை யாரும் சொன்னதில்லை. தேக்கு தெரியும், வேம்பு தெரியும், வேங்கை என்றால் ஏதோ உசத்தி என்று தெரியும், அதோடு சரி. அவினாசி சாலையில் இருந்த இந்தக் கடையிலோ ஸ்டீபன் என்கிற விற்பனையாளர், நாற்பது தாண்டிய மனிதர், சரிந்து சரிந்து இறங்கும் மூக்குக் கண்ணாடியை விரலால் ஏற்றிக்கொண்டே, ஓக், வால்நட், மேப்பிள், ஹிக்கரி, ஆஷ் என்று ஒவ்வொரு பலகையாக மேசைமேல் வைத்துக்கொண்டே போனார், சம்பந்தி வீட்டார் முன்னால் பலகாரத் தட்டு வைப்பதுபோல. அவள் கணவன் பூபதி ஒவ்வொன்றையும் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். அவன் தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டான், தர்பூசணியானாலும் அப்படித்தான். பரிமளா பலகையைப் பார்க்கவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த மாமாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என்றால் பூபதியின் அப்பா நாச்சிமுத்து, எழுபத்து நாலு வயது, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று காலையில்கூட ஒரு கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்துதான் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கால்கள் இப்போது வாக்கரின் நாலு ரப்பர் கால்களுக்குப் பின்னால் அடங்கி ஒடுங்கி இருந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் விழுந்து உடைந்த எலும்பு சேர்ந்தாயிற்று. போன மாதமே டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி, இனிமேல் வாக்கர் எதற்கு, கையை வீசி நடங்கள் என்று சொல்லிவிட்டார். மாமா நடக்கமாட்டேன் என்கிறார். எலும்பு சேர்ந்து என்ன செய்வது, கால்மேல் வைத்த நம்பிக்கை போய்விட்டதே. அது எதனால் போனது என்பது இந்தப் பூமியில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி காலையிலிருந்து ஒரு வாய் இட்லிகூட இறங்காமல், கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வடவள்ளியில் கட்டுகிற வீடு பூச்சு வேலை முடிந்து தரைக்குக் காத்திருந்தது. மற்ற அறைகளுக்கு டைல்ஸ் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. கீழே, மாமாவின் அறைக்கு மட்டும் மரத்தரை. அது பூபதியின் பிடிவாதம். விழுந்தாலும் கல்லில் விழுகிற அடி மரத்தில் இருக்காது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விழுந்தாலும் என்று அவன் சொல்லும்போதெல்லாம் பரிமளா அங்கிருந்து எழுந்து போய்விடுவாள். இனிமேல் விழுவார் என்று வீடே நம்புகிறது. விழுவதற்காகத் தரை போடுகிறார்கள். "இது முழு மரம் கெடையாதுங்க சார்" என்றார் ஸ்டீபன், ஒரு பலகையின் ஓரத்தைக் காட்டி. "எஞ்சினியர்ட் வுட்ம்பாங்க. மேல நாலு மில்லிமீட்டர் நெசமான ஓக். கீழ ஒம்பது அடுக்கு பிளை, ஒண்ணுக்கொண்ணு குறுக்கால வெச்சு ஒட்டியிருக்கும். முழு மரமா போட்டீங்கன்னா வெயிலுக்கு சுருங்கும், மழைக்கு உப்பும். இது அப்படியே நிக்கும், அசையாது." பரிமளா அந்த ஓரத்தை எட்டிப் பார்த்தாள். மேலே ஒரு மெல்லிய தோல், தேன் நிறத்தில், கோடு கோடாக; கீழே வெளிறிப்போன அடுக்குகள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அசையாமல் இருப்பதற்கு எத்தனை பசை வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள். பூபதி தட்டினான். சத்தம் பிடித்திருந்ததுபோல, தலையை ஆட்டினான். "ஒரே எதிரி தண்ணிதாங்க" என்று ஸ்டீபன் தொடர்ந்தார். "சிந்துனா உடனே துடைச்சிருங்க, ஒண்ணும் ஆகாது. நின்னுச்சுன்னா இடுக்கு வழியா உள்ள எறங்கும். மேல பாத்தாத் தெரியாது. ஆறு மாசமோ எட்டு மாசமோ கழிச்சு ஒருநாள் ஓரம் தூக்கிட்டு நிக்கும்." சொல்லிவிட்டு ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "மேடம், உங்க வீட்ல தரை துடைக்கறது எப்படிங்க? பிழிஞ்ச துணியா, இல்ல தண்ணி ஊத்தித் துடைப்பீங்களா?"

அவர் கேட்டது மரத்தின் உத்தரவாதத்துக்காக. அவருக்கு அது ஒரு கட்டம். டிக் அடிக்க வேண்டும், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். பரிமளாவுக்கு அது வெறும் கட்டம் இல்லை. பூபதி அவள் பக்கம் திரும்பினான். மாமாவும் தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் திரும்பிய மாதிரியே இரண்டு முகங்கள். "பிழிஞ்சுதாங்க" என்றாள். "நல்லா ஒட்டப் பிழிஞ்சுதான் தொடைப்பேன்." ஸ்டீபன் டிக் அடித்தார். பாருங்கள், இன்னொரு பொய். கேட்காமலேயே நல்லா ஒட்ட என்று வேறு சேர்த்துக்கொண்டாள். பொய்க்கு என்ன தாராளம். பூபதிக்குத் தெரியாதா, அவள் வெள்ளிக்கிழமையானால் வீட்டையே குளமாக்குகிறவள் என்று. தெரியும். ஆனால் அவன் அதையெல்லாம் கவனிக்கிறவன் இல்லை, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தால் போதும். கவனிக்கிறவர் மாமா. மாமா எல்லாவற்றையும் கவனிப்பார். கேஸ் அடுப்பின் குழாய் பழசாகிவிட்டது, பக்கத்து வீட்டு மீட்டர் பெட்டிக்குள் பல்லி போயிருக்கிறது, பால்காரர் கால் தாங்கி நடக்கிறார், எல்லாம். கவனிக்கிற அந்த மனிதர் ஒரே ஒரு மாலைப்பொழுதில் கவனிக்காமல் போனார். அவரைக் கவனிக்க முடியாமல் செய்தது யார்.

போன ஆடியில் ஒரு வெள்ளி. ஆறு மணிக்கு விளக்கு வைத்தாயிற்று. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய பாயசத்தைப் படைப்பதற்காகச் சமையலறையிலிருந்து ஹால் வழியாகப் பூஜை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சூட்டுக்குப் பிடித்திருந்த துணி நழுவியது, ஒரு பெரிய கரண்டி அளவு தரையில் கொட்டிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் எந்த வீட்டில் பாயசம் கொட்டவில்லை. சாமிக்கு வைத்துவிட்டு வந்து ஈரத்துணியால் துடைத்தாள். வெல்லம் பிசுபிசுவென்று போகமாட்டேன் என்றது. விட்டால் எறும்பு வரும். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தாள். ஆனால் விளக்கு வைத்த வீட்டில் தரையைப் பெருக்கவோ துடைக்கவோ கூடாது, வீட்டுக்கு வந்த லட்சுமி இறங்கிப் போய்விடுவாள். மாமியார் இருந்தவரை அவர் சொல்வார், மாமியார் போய்ப் பத்து வருஷமாக மாமா சொல்கிறார். கோபித்துக்கொள்ளமாட்டார். "விளக்கு வெச்சாச்சே அம்மிணி" என்று ஒரே ஒரு வாக்கியம், அதுவும் மெதுவாக. அந்த வாக்கியத்தில் செத்துப்போன மாமியார் எழுந்து வந்து நிற்பார். அதைக் கேட்கப் பிடிக்காமல் பரிமளா ஹால் டியூப்லைட்டை அணைத்தாள். பேன் சத்தம் நின்றால் சந்தேகம் வரும் என்று பேனை அணைக்கவில்லை, அந்த அளவுக்கு யோசித்திருக்கிறாள். பூஜை அறை விளக்கின் வெளிச்சத்தில், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குத் தெரியாமல், குந்தி உட்கார்ந்து, திருடி மாதிரி தேய்த்தாள். காய்ந்த துணி எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே போன் அடித்தது. தங்கச்சி. ரவிக்கை தைக்கிற டெய்லர் கையை இறுக்கமாகத் தைத்துவிட்டான் என்று அவள் சொல்ல, இவள் சிரித்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டுத் தரையில் ஈரம் இருக்காது என்று பத்து வருஷமாக நம்பிய ஒரு மனிதர், அந்த நம்பிக்கையோடு உள்ளே வந்து இருட்டில் காலை வைத்தார்.

அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நடுச் சோற்றில் கல்லாக அவளைக் கடிக்கிறது, எட்டு மாதமாக, ஒவ்வொரு வேளையும். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். "அம்மிணி" என்று மட்டும் கூப்பிட்டார், அதுவும் பாதி மூச்சில். காய்ந்த துணி அவள் கையில் இருந்தது. அவள் மண்டியிட்டாள். அவளுடைய கை முதலில் தரையைத் துடைத்தது. இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு, சுவர் ஓரம்வரை. பிறகுதான் அவரைத் தொட்டாள். பிறகுதான் லைட்டைப் போட்டாள், பிறகுதான் மாடியில் குளித்துக்கொண்டிருந்த பூபதியைக் கத்திக் கூப்பிட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கை அப்படிச் செய்தது. கொலைகாரர்கள் இப்படித்தான் சொல்வார்களாயிருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர், பாவம், நல்ல மனிதர், எழுதிக்கொண்டே கேட்டார்: "தரை ஈரமா இருந்துச்சா, எதுலயாச்சும் தடுக்குச்சா, இல்ல கால் தானா மடங்கிருச்சா?" மாமாவுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை, வழுக்கின மாதிரியும் இருந்துச்சு, கால் போன மாதிரியும் இருந்துச்சு என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "காஞ்சுதான் இருந்துச்சுங்" என்றாள். இரண்டே சொல். அப்படியானால் நரம்பைப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். கெண்டைக்காலில் ஊசி குத்திப் பார்த்தார்கள், கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், தலையை ஒரு குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா. மாமாவோ, நோயைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எடுத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் இப்படித்தான். நடந்துகொண்டிருக்கும்போதே ஒருநாள் கால் மடங்கிக் கீழே விழுந்தவர், அடுத்த நாலு வருஷம் கட்டிலைவிட்டு இறங்காமலேயே போய்ச் சேர்ந்தார். "அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு" என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை. சாயங்கால நடை இல்லை. அறை, கட்டில், வாக்கர். அவள் அறைக்குள் காபி கொண்டுபோய் வைப்பாள், அவர் வாங்கிக்கொண்டு நல்லா இருக்குது அம்மிணி என்பார். திட்டினால்கூடத் தேவலை.

சொல்லிவிடலாம் என்று கிளம்பாத நாள் இல்லை. தீபாவளிக்கு எண்ணெய் வைக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நல்ல நாளில் எதற்கு என்று விட்டாள். தையில் சொல்லலாம் என்றாள், தையும் போயிற்று. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு திட்டு. ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் ஒரு சண்டை. எட்டு மாதம் கழித்துச் சொன்னால் அதற்குப் பேரே இல்லை. பூபதி அடிக்கிறவன் இல்லை, கத்துகிறவன்கூட இல்லை. பேசாமல் இருந்துவிடுவான். கூடப் படித்த சிநேகிதன் ஒருத்தன் வெளியூரில் இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு உள்ளூரில் தியேட்டரில் அகப்பட்டான் என்பதற்காக அவனோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவன். அற்ப சினிமாவுக்கு ஆறு வருஷம் என்றால் அப்பாவின் காலுக்கு எத்தனை. அவள் அதைக் கணக்குப் போட முயன்று பாதியில் விட்டுவிடுவாள். வீட்டுக்குள்ளேயே, பக்கத்துத் தலையணையிலேயே பேசாமல் ஒரு ஆள். உப்பு வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள். அதற்கு இதுவே மேல் என்று தோன்றும். மாமா சாப்பிடுகிறார், தூங்குகிறார், டிவி பார்க்கிறார், ஒன்றும் மோசம் போய்விடவில்லை, வயதான மனிதர் வீட்டோடு இருப்பது ஒரு குற்றமா என்று தனக்குத்தானே வக்கீல் பேசுவாள். பிறகு ராத்திரி அவர் அறையிலிருந்து வாக்கர் டக், டக் என்று பாத்ரூமுக்குப் போகிற சத்தம் கேட்கும். வக்கீல் வாயை மூடிக்கொள்வார்.

"இப்ப பாருங்க சார்" என்று ஸ்டீபன் சொல்ல, அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஓக் பலகைகளைக் கோத்துத் தரையில் போட்டிருந்த மாதிரித் துண்டின்மேல் அவர் ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே ஊற்றினார். தண்ணீர் பரவாமல், பெரிய பெரிய முத்தாக நின்றது. "மேல மேட் பாலிஷ், பளபளப்பு இருக்காது, பிரஷ் பண்ணின மரம், ரேகை எல்லாம் கைக்குத் தெரியும். ஈரத்துலகூட டைல்ஸ் மாதிரி வழுக்காது. ஐயா, சும்மா ஒருக்கா காலை வெச்சுப் பாருங்களேன், பையன் பிடிச்சுக்குவாங்க." பரிமளா அந்தத் தண்ணீரையே பார்த்தாள். யாராவது அதைத் துடைத்தால் தேவலை. கை பரபரத்தது, நிஜமாகவே இடது கை கைப்பைக்குள் போய்க் கைக்குட்டையைப் பிடித்துவிட்டது. மாமா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஈரத்துல வெச்சுப் பாத்து என்னங்க ஆகப்போகுது" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. "காஞ்ச தரையிலயே வுழுந்தவன் நானு. தரை மேல ஒரு குத்தமும் இல்லீங். நல்ல தரைதான் போட்டிருந்தான் பையன். காலுதான் போச்சு." ஸ்டீபன் சங்கடத்தோடு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பூபதி அப்பாவின் தோளில் கையை வைத்தான். பரிமளா கைக்குட்டையை விடவில்லை. இப்போது சொல். கடையில் சொல், ஊரான் முன்னால் சொன்னால் அவனால் எதுவும் செய்ய முடியாது. இப்போது வேண்டாம், இத்தனை பேர் முன்னால் மாமாவை அவமானப்படுத்துவதா, வீட்டுக்குப் போய்ச் சொல். வீட்டுக்குப் போனால் சொல்லமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. தண்ணீர் முத்துகள் ஏசி காற்றில் லேசாக நடுங்கின.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு கேக்கோணும்" என்றார் ஸ்டீபனிடம். "வீல்சேர் ஓட்டுனா இது தாங்குமுங்களா?" பூபதியின் கை அப்பாவின் தோளில் அப்படியே நின்றது. "ஏனுங்கப்பா, இப்ப எதுக்கு அது? டாக்டரே நடக்கச் சொல்லியிருக்காரு." "சொல்லுவாங்க. அண்ணனுக்கும் சொன்னாங்க. நாளைக்கு வேணுங்கறப்ப தரையப் பேத்துட்டு இருக்க முடியுமா? ஒரே தடவையில செஞ்சு வுட்ரு. வாக்கர்ல போறதுக்கே பயமா இருக்குதுடா." பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. மழையில், அறுந்து தொங்கும் கம்பிக்குக் கீழே நின்று வேலை பார்த்த மனிதர். ஸ்டீபன் தன் தொழிலுக்குத் திரும்பியதில் நிம்மதி அடைந்தவராக, மளமளவென்று சொன்னார்: வால்நட் வேண்டாம், மெதுவான மரம், சக்கரம் அழுந்தித் தடம் விழுந்துவிடும், தேக்கும் அந்த அளவுக்குக் கடினம் இல்லை, ஓக் தாங்கும், ஹிக்கரி இன்னும் தாங்கும். மெத்தென்ற ஷீட்டுக்கு மேல் மிதக்கிற மாதிரி போடக்கூடாது, இணைப்பு விட்டுவிடும். சிமெண்டில் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். கதவுக்குக் கீழே படி இருக்கக் கூடாது. கதவு அகலம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பூபதி அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்பா தலையை ஆட்டினார். பூபதி போனை எடுத்தான். அவன் கண் சிவந்திருந்தது, அவன் அழுகையை அடக்குகிறபோது குரல் அதிகாரி மாதிரி ஆகிவிடும். "இஞ்சினியருங்களா, பூபதி பேசறேன். அப்பா ரூம் கதவு நிலவு இன்னும் வெக்கலைல்ல? அதை மூணரை அடியாக்கிருங்க. ஆமா. வீல்சேர் போறாப்பல. வாசல்லயும் ஒரு சரிவு வேணும்." ஸ்டீபன் படிவத்தில் எழுதினார்: ஓக், மேட், ஒட்டிப் போடுவது. பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. கதவை அகலமாக்குகிறார்கள். படியை எடுக்கிறார்கள். சுவரை இடித்து, மரத்தை ஒட்டி, இரண்டு நல்ல கால்களைப் பொய்யென்று சிமெண்டில் எழுதி வைக்கிறார்கள். நாளை காலை கொத்தனார் வருவார். அப்புறம் அது வீடு. அப்புறம் யார் சொல்லி என்ன. பூபதி ஆறு வருஷம் பேசாமல் இருப்பான், அறுபது வருஷம் பேசாமல் இருப்பான், இருக்கட்டும். அந்த நினைப்பு முடிவதற்குள்ளேயே அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"எழுதாதீங்க" என்றாள் ஸ்டீபனிடம். அவர் நிறுத்தினார். "ஏனுங்க, போனை வைங்க." பூபதி புரியாமல் பார்த்தான், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தான். அவள் மாமாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்குத் தரை காஞ்சு இல்லீங்."

"என்னிக்கு?"

"நீங்க வுழுந்தீங்கல்ல, அன்னிக்கு. நாந்தான் தொடைச்சேன். பாயசம் கொட்டிருச்சு. விளக்கு வெச்சதுக்கப்புறம் தொடைக்கறேன்னு நீங்க பாத்தரக்கூடாதுன்னு லைட்டை நிறுத்திட்டேன். நீங்க வுழுந்ததும் தரையத் தொடைச்சுப் போட்டுட்டுத்தான் உங்களைத் தூக்குனேன். டாக்டர்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டீபன் ஓசைப்படாமல் நாற்காலியைத் தள்ளி எழுந்து கடையின் மறுகோடிக்குப் போய், அங்கே நேராக இருந்த பலகைகளை நேராக்க ஆரம்பித்தார். பூபதி, "என்ன சொல்ற நீ?" என்றான். மறுபடியும், இன்னும் மெதுவாக, "என்ன சொல்ற?" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய செருப்பு மட்டும் கண்ணில் பட்டது, அது ஒரு அடி பின்னால் போயிற்று. வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை அவள். மாமாவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள். அங்கே கோபம் இல்லை. விபத்து நடந்த கம்பத்தடியில் குறிப்பேடும் கையுமாக நிற்கிற இன்ஸ்பெக்டரின் முகம் இருந்தது.

"எந்த எடத்துல?"

"பூஜை ரூமுக்கு முன்னால. டிவிப் பக்கத்துல."

"அங்கதான். எவ்வளவு தண்ணி?"

"ஒரு சொம்புக்குச் சித்தெக் கம்மி. பாதிதான் துணியில ஒத்தி எடுத்திருப்பேன். வெல்லம் வேற, கொழகொழன்னு இருந்துச்சுங்."

"அப்ப எந்தக் காலு வெச்சாலும் வழுக்கும்."

"யாரு வெச்சாலும் வழுக்குங்க மாமா."

அவர் தன் வலது காலைப் பார்த்தார். பிறகு இடது காலை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்தார், பூபதிக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டார்.

"அன்னிக்கு என்ற வேட்டி பூரா நனைஞ்சு கெடந்துச்சே, அம்மிணி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. எட்டு மாதம் விழுந்து விழுந்து யோசித்தவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அந்தத் தண்ணிதாங்க மாமா" என்றாள். "நான் ஊத்துன தண்ணி."

"ஒண்ணுக்கு இல்லியே?"

"இல்லீங் மாமா. இல்லவே இல்லீங்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தமே வரவில்லை. பூபதி கிட்டே வந்தவன், எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றான். துண்டை எடுத்தபோது மாமாவின் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதில் அவளுக்கென்று எதுவும் இல்லை, கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "எட்டு மாசம், அம்மிணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் தலை தானாகக் குனிந்தது.

அவர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். பிறகு அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். மேசை விளிம்பில் ஒரு கை, சுவரோரம் சாத்தியிருந்த பலகைகளில் ஒரு கை, அப்புறம் எதிலும் கை இல்லை. பூபதி ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தான். "வுடு" என்றார். ஒரு காலை வைத்தார், நின்றார், மறு காலை வைத்தார். உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது, திரும்ப நேரானது. கண்ணாடிக் கதவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி இருந்தது. பூபதி பரிமளாவைப் பார்க்கவே இல்லை, இனி எப்போது பார்ப்பானோ தெரியாது. அவன் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் உட்கார்ந்தபடி அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.